நம் வயல்களுக்கு அடியில் ஒரு பழைய பிளவு

அண்மையில் எமது வட்டாரத்துக் கிராம சபைக் கூட்டம் ஒன்றில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எழுந்து நின்றார். “ஐயா, என் போர்வெல் நூற்றெண்பது அடி. இந்த எண்ணெய் எண்ணெய் என்கிறார்களே, அது எத்தனை அடியில் கிடக்கிறது? என் தண்ணீருக்கு மேலேயா, கீழேயா? அதை அங்கே யார் கொண்டுபோய் வைத்தது?” என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். ஆனால் அக்கேள்வி சிரிப்புக்குரியதன்று. பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கே அதற்கு உடனே தக்க விடை கூற இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “பார்த்துச் சொல்கிறோம், பெரியவரே” என்று சொல்லி அமர்ந்தோம். அதன்பின் கிடைத்த நூல்களையும் அரசு வெளியீடுகளையும் படித்தும், விஷயம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

காவிரிப் படுகையின் எண்ணெய் பற்றி ஊர்தோறும் பேச்சு நடக்கிறது. வேண்டும் என்போரும் உளர். வேண்டவே வேண்டாம் என்போர் அவர்களினும் மிகப் பலர். எந்தப் பக்கம் பேசுவதாயினும், நம் காலுக்கு அடியில் இருப்பது இன்னதென்று தெரிந்து பேசுவது நலம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கையெழுத்திடும் தீர்மானங்களில் சில வேளைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சங்கதிகள் ஒரே வாக்கியத்தில் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். அத்தகைய தீர்மானம் மேலிடத்துக்குச் சென்றால், அதை எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நிலம் பிளந்த கதை

கோடையில் வற்றிய ஏரியின் படுகையைப் பார்த்திராத விவசாயி இல்லை. களிமண் காய்ந்து இழுபடும்போது முதலில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். பின்பு அது அகலும். இரு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட கட்டி சில சமயம் சற்றுக் கீழே அமிழ்ந்துவிடும். ஒரு கண்டமே இவ்வாறு இழுபட்டால் என்னாகும்? ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அதுதான் நடந்தது.

அக்காலத்தில் இந்தியா, இலங்கை, அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா ஆகியவை யாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. இன்று வங்காள விரிகுடா இருக்கும் இடத்தில் கடல் இல்லை. அதற்கு அப்பால் அண்டார்ட்டிகா இருந்தது. அப்பெருநிலம் இழுபட்டுப் பிளக்கத் தொடங்கியபோது இப்போதைய கடலூர், தஞ்சை, நாகை, இராமநாதபுரம் பகுதிகளின் கருங்கல் தளம் நீள நீளமாக வெடித்தது. வெடிப்புகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடின. இடைப்பட்ட துண்டுகளுள் சில அமிழ்ந்தன. சில உயரத்திலேயே நின்றுவிட்டன. அண்டார்ட்டிகா நெடுந்தூரம் விலகிப் போயிற்று. இலங்கை மட்டும் முழுதும் பிரியாமல் அருகிலேயே தங்கிற்று.

இந்த அமைப்பை நம் விவசாயிகள் ஒரு கணத்தில் புரிந்துகொள்ளலாம். அது பாத்தியும் வரப்பும் போன்றது. அமிழ்ந்த துண்டு பாத்தி; அமிழாமல் நின்ற துண்டு வரப்பு. ஆனால் இந்த வரப்புக்கும் பாத்திக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு முழங்கால் அளவன்று, ஆயிரக்கணக்கான மீட்டர். நிலநூலார் இவற்றுக்கு நம் ஊர்ப் பெயர்களையே சூட்டியிருக்கின்றனர். அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், இராமநாதபுரம்–பாக் நீரிணைப் பள்ளம் என்பன பாத்திகள். கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, காரைக்கால் மேடு, வேதாரணியம் மேடு என்பன வரப்புகள். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ நிற்பவருக்கு மேடு ஒன்றும் கண்ணில் படாது. எல்லாவற்றையும் பின்னாளில் வந்த வண்டலும் மணலும் மூடிச் சமன் செய்துவிட்டன.

பள்ளங்களில் முதலில் ஆறுகளும் ஏரிகளும் தங்கின. பிறகு கடல் உட்புகுந்தது. நெடுங்காலம் கடல் வந்தும் போயும் இருந்தது. இதற்குச் சான்று தேட ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கூலி வேலை செய்பவர்கள் கைநிறையக் கடற்சிப்பிகளைப் பொறுக்குகிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு மரம் முற்றிலும் கல்லாகிக் கிடக்கிறது. கடலோரத்தில் சாய்ந்து சேற்றில் புதையுண்ட மரம் அது. இன்று அவ்விடத்திலிருந்து கடலைக் காண வேண்டுமாயின் நெடுநேரம் பேருந்தில் பயணம் செய்ய வேண்டும்.

இவ்வாறு பள்ளங்களில் சேர்ந்த மண்ணும் மணலும் சில இடங்களில் 5,000 மீட்டருக்கு மேல் கனமுள்ளவை. காவிரி பாயும் வயல் மண் அந்த அடுக்குகளின் மேல் போர்த்திய மெல்லிய துணி போன்றதே. படுகையின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,50,000 சதுர கிலோமீட்டர். அதில் நிலப்பகுதி 25,000 சதுர கிலோமீட்டர்தான், ஆழமற்ற கடல் 30,000, எஞ்சியது ஆழ்கடல். ஆகவே “காவிரிப் படுகை” என்று நிலநூலார் சொல்லும்போது, காவிரி நீர் பாயும் பாசனப் பகுதியை மட்டும் அவர்கள் கருதுவதில்லை. இராமநாதபுரமும் அதில் அடங்கும். கடலூருக்குக் கிழக்கே உள்ள கடலும் அடங்கும்.

எண்ணெய் அங்கே எப்படி வந்தது?

பெரியவரின் கடைசிக் கேள்விக்கு விடை இதுதான்: யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை, அங்கேயே சமைந்தது.

ஆழமான பள்ளத்தில் தேங்கிய நீரின் அடியில் காற்று எட்டாது. பாசியும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும், ஆற்றோடு வந்த இலை தழைகளும் அங்கே அழுகி மறையாமல் களிச்சேற்றோடு கலந்து படிந்தன. குளத்தைத் தூர் எடுக்கும்போது அடியில் கருநிறமாக நாற்றமடிக்கும் சேறு வருகிறதே, அதைப் போன்றது. அதன்மேல் மேலும் மேலும் மண் சேரச் சேர அச்சேறு கீழே இறங்கிக் களிப்பாறையாக இறுகிற்று. பூமிக்குள் 100 மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி கூடும். 3,000 மீட்டர் ஆழத்தில் நீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிய சூடு இருக்கும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் அச்சூட்டில் வெந்தபோது களிப்பாறையிலிருந்த உயிர்ப்பொருள் எண்ணெயாயிற்று. இன்னும் ஆழத்தில் சூடு மிகுந்த இடத்தில் வாயுவாயிற்று. காவிரிப் படுகையில் இந்த அடுப்படி வேலையைச் செய்த முக்கியமான பாறை அடுக்குக்கு ஆண்டிமடம் அடுக்கு என்று பெயர். அதன் மேல் சாத்தப்பாடிக் களிப்பாறை, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி என்று அடுக்குகள் வருகின்றன. எல்லாம் ஊர்ப் பெயர்களே. உலகெங்கும் உள்ள எண்ணெய்ப் பொறியாளர்கள் “நன்னிலம்” என்று தங்கள் ஏடுகளில் எழுதுகிறார்கள் என்பதை நன்னிலத்தார் எத்தனை பேர் அறிவர்?

எண்ணெய் நிலத்தடியில் ஏரி போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மணற்பாறையின் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய துளைகளில், நனைந்த பஞ்சில் நீர் இருப்பதுபோல் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது. ஆகவே பாறைத் துளைகளிலுள்ள உப்பு நீரினூடே மெல்ல மெல்ல மேலேறும். மேலே நீர் புகாத களிப்பாறை மூடிபோல் இருந்தால் அங்கே நின்றுவிடும். மூடி இல்லையேல் தரைவரை வந்து ஆவியாகிப் போயிருக்கும். உண்டான எண்ணெயில் ஒரு சிறு பகுதியே இவ்வாறு சிறைப்படுகிறது.

இப்போது நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். பிளந்து நொறுங்கிய நிலத்தில் எண்ணெய் ஒரே இடத்தில் பெருவாரியாகச் சேர்வது அரிது. பாத்தியும் வரப்புமாக உடைந்த தளத்தில் ஒவ்வொரு பிளவும் அணை கட்டியதுபோல் எண்ணெயைத் தடுத்துத் தன் ஓரத்தில் சிறிது நிறுத்திக்கொள்கிறது. ஒரு பெரிய குளத்து நீரை நூறு சிறு வாய்க்கால்களில் மடைபோட்டு நிறுத்தினால் எப்படியோ, அப்படி. எல்லாப் பிளவுப் படுகைகளும் இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. இராஜஸ்தானத்து பார்மேர்ப் படுகையும் கண்டம் பிளந்து உண்டானதே; அங்கே 2004-ஆம் ஆண்டில் மங்களா என்னும் பெரிய வயல் கிடைத்தது. குஜராத்தில் காம்பே பிளவுப் படுகையில் 1960-லேயே அங்கலேஷ்வர் கண்டறியப்பட்டது. காவிரிப் படுகைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அல்லது வாய்க்காமல் போனதே நன்று என்று சொல்வோரும் இருக்கக்கூடும்.

தேடியதும் கிடைத்ததும்

இப்படுகையில் முதல் ஆழ்கிணறு 1964-ஆம் ஆண்டில் தோண்டப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும் பயன் விளையவில்லை. 1980-களிலும் அதன் பின்னும் நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் என்று ஒவ்வோரிடமாக எண்ணெயும் வாயுவும் தென்பட்டன. இராமநாதபுரம் பகுதியில் வாயு கிடைத்தது. நாகைக்கு அருகே பனங்குடியில் 1993-ல் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை ஒன்று அமைந்தது. வாயுவைக் கொண்டு திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் தலா நூறு மெகாவாட் அளவிலான மின் நிலையங்களும், இராமநாதபுரம் வழுதூரில் ஒரு நிலையமும் நிறுவப்பட்டன.

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. எண்ணெயும் வாயுவும் படிவுப் பாறைகளில்தான் இருக்கும் என்பது பொது விதி. ஆனால் கடலூர்ப் பக்கத்துக் கடலில் உள்ள பி.ஒய்.-1 என்னும் வயலில் அடித்தளக் கருங்கல்லின் வெடிப்புகளிலிருந்தே வாயு வருகிறது. கீழேயுள்ள பள்ளத்தில் வெந்த வாயு, பக்கத்து மேட்டின் உடைந்த கருங்கல்லுக்குள் புகுந்து தங்கிவிட்டது. மாதானம் மேட்டிலும் இவ்வகையில் எண்ணெய் காணப்பட்டிருக்கிறது. இதே பிளவின் தென்கோடியில், இலங்கையைச் சேர்ந்த மன்னார்க் கடலில், 2011-ஆம் ஆண்டு இரு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது. ஆகவே படுகையின் எண்ணெய் வளம் முழுதும் தெரிந்துவிட்டதாக எவரும் சொல்ல இயலாது. இனிப் பெரிதாக ஏதேனும் கிடைக்குமாயின் அது கடலில்தான் என்று கருதுவோர் பலர்; நமக்கும் அக்கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நிலத்தில் கிடைப்பதன் அளவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இந்தியா முழுதும் ஆண்டொன்றுக்கு எடுக்கும் கச்சா எண்ணெய் 3 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. நம் ஆலைகள் சுத்திகரிப்பதோ 25 கோடி டன்னுக்கு மேல். காவிரிப் படுகை நிலக்கிணறுகள் யாவும் சேர்ந்து தருவது சில இலட்சம் டன். இது தள்ளிவிடத்தக்கதன்று, அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, மின் நிலையம் ஓடுகிறது. எனினும் இந்தச் சில இலட்சம் டன்னுக்காக ஓரிரு பெருங்கிணறுகள் போதா. வயல் வெளியில் ஆங்காங்கே பல கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் சில ஏக்கர் மேடு, லாரி போகப் பாதை, ஒன்றையொன்று இணைக்கும் குழாய் வேண்டும். எண்ணெய் சிறுசிறு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், அதை எடுக்கும் வேலையும் ஊர் ஊராகச் சிதறுகிறது. பஞ்சாயத்துகள் இவ்விஷயத்தில் நேரடியாகச் சம்பந்தப்படுவது இதனாலேயே.

மூன்றும் ஒன்றல்ல

2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு புதிய கொள்கை வகுத்தது. அதற்கு முன் எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஓர் உரிமம் என்று தனித்தனியே இருந்தன. புதிய கொள்கையின்படி எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். அப்போதுதான் “ஹைட்ரோகார்பன்” என்னும் சொல் நம் ஊர்த் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் மக்கள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியபோது அச்சொல் குழந்தைகளுக்கும் பாடமாயிற்று. கரியும் நீரகமும் சேர்ந்த பொருள் என்பதே அதன் பொருள். எண்ணெயும் அதுவே, வாயுவும் அதுவே. ஆனால் எடுக்கும் முறை மூவகைப்படும். நிலத்தடி நீருக்கு அவற்றால் வரக்கூடிய கேடும் வெவ்வேறு.

முதலாவது, இதுவரை நாம் விவரித்த சாதாரண எண்ணெய்க் கிணறு. 1,500 மீட்டர் முதல் 4,000 மீட்டர் வரை ஆழத்திலிருந்து எடுப்பது.

இரண்டாவது, பழுப்பு நிலக்கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன். இது சில நூறு மீட்டர் ஆழத்திலேயே இருப்பது. நிலக்கரியிலுள்ள நீரின் அழுத்தமே வாயுவை அதனோடு பிடித்து வைத்திருக்கிறது. வாயு வேண்டுமானால் முதலில் அந்நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாளன்று, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். நெய்வேலிச் சுரங்கத்தில் கீழிருந்து ஊற்று பீறிடாமலிருக்க இரவும் பகலும் நீர் இறைப்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கடலோர மாவட்டத்தில் இவ்வாறு நீரை இறைத்தால் உப்பு நீர் உள்ளே நகரும் அச்சமும் உண்டு. மன்னார்குடியை மையமாகக் கொண்டு 691 சதுர கிலோமீட்டரில் இவ்வகைத் திட்டத்துக்கு 2010-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் தம் கடைசி நாட்களில் ஊர் ஊராகச் சென்று எதிர்த்துப் பேசியது இத்திட்டத்தைத்தான். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவர் காலமானார். மாநில அரசு நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, 2015-ல் அத்திட்டத்தை நிராகரித்தது. அம்முடிவு சரியானதென்றே நாம் கருதுகிறோம்.

மூன்றாவது, எண்ணெயை ஈன்ற களிப்பாறையையே உடைத்து வாயு எடுப்பது. களிப்பாறையில் துளைகள் மிகச் சிறியவை. ஆகவே நீரையும் மணலையும் சில இரசாயனங்களையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் நீர் செலவாவதுண்டு. மேட்டூர் எப்போது திறக்கும் என்று நாள் எண்ணும் ஊரில் இதற்கு நீர் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமே.

கூட்டங்களில் இம்மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவதால் இரு பக்கமும் தவறு நேர்கிறது. சாதாரண எண்ணெய்க் கிணற்றைக் காட்டி, “முப்பது வருஷமாக இருக்கிறதே, நீர் வற்றிவிட்டதா?” என்று மீத்தேன் திட்டத்துக்கு வாதாடுவோர் உண்டு. மீத்தேனுக்குரிய குறையை எண்ணெய்க் கிணற்றின் மீது சுமத்துவோரும் உண்டு. எந்தத் திட்டம் வந்தாலும் பஞ்சாயத்து முதலில் கேட்க வேண்டியது, “எந்த அடுக்கிலிருந்து, எத்தனை மீட்டர் ஆழத்திலிருந்து, நீர் இறைத்தா, பாறை உடைத்தா?” என்பதே.

கிணறும் தண்ணீரும்

இனிப் பெரியவரின் முதற்கேள்வி. அவருடைய போர்வெல் 180 அடி; ஏறத்தாழ 55 மீட்டர். எண்ணெய் அதனினும் முப்பது, நாற்பது மடங்கு கீழே கிடக்கிறது. இடையில் ஆயிரக்கணக்கான மீட்டர் களியும் மணலும் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலே வராத எண்ணெய் தானாக இன்று வந்துவிடாது. ஆபத்தெல்லாம் நாம் போடும் துளையில்தான். எண்ணெய்க் கிணறு, வழியில் அவருடைய தண்ணீர் அடுக்கையும் துளைத்துக்கொண்டே கீழே போகிறது. போர்வெல்லுக்குக் கேசிங் குழாய் இறக்குவதுபோல் இதற்கும் ஒன்றனுள் ஒன்றாக எஃகுக் குழாய்கள் இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டுக் கூழ் செலுத்தி இறுக்குகின்றனர். அந்தச் சிமெண்டு நன்றாகப் பிடித்திருந்தால் மேல் நீருக்குத் தீங்கில்லை. பிடிக்காமலோ, ஆண்டு பல கழிந்து எஃகு துருப்பிடித்தோ போனால், கீழிருக்கும் உப்பு நீரும் வாயுவும் மேலேற வழி கிடைத்துவிடும். ஆகவே ஒரு கிணற்றின் வயதை அறிவது அதன் ஆழத்தை அறிவதைப்போல் அவசியம்.

இரண்டாவது, எண்ணெயோடு வரும் உப்பு நீர். கிணறு பழசாகப் பழசாக எண்ணெய் குறைந்து இந்நீர் மிகும். இதைத் திரும்பவும் ஆழத்துக்கே செலுத்த வேண்டும். வாய்க்காலில் விட்டாலோ குழியில் தேக்கினாலோ அவ்வயலில் நெல் விளையாது.

மூன்றாவது குழாய்கள். 2017 ஜூன் 30-ஆம் நாள் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலில் புதைத்திருந்த எண்ணெய்க் குழாய் கசிந்து தீப்பற்றியதும், அதன்பின் ஊர் பட்ட பாடும் யாவரும் அறிந்தவை. கிணறே கட்டுக்கடங்காமல் பீறிடுவதும் உண்டு. ஆந்திரத்தில் கோதாவரிப் படுகையிலுள்ள பாசர்லப்பூடியில் 1995 ஜனவரியில் பற்றிய தீ 65 நாட்கள் எரிந்தது. அஸ்ஸாமில் பாக்ஜான் கிணறு 2020 மே மாதம் வெடித்து, ஜூனில் தீப்பற்றி, நவம்பர் வரை அடங்கவில்லை. இவை அடிக்கடி நிகழ்வன அல்ல. ஆயினும் ஊரின் நடுவே கிணறு உள்ள பஞ்சாயத்து, தீ நேர்ந்தால் மக்களை எந்தப் பாதையில் வெளியேற்றுவது என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். நாம் பார்த்தவரையில் பெரும்பாலான ஊர்களில் அப்படி ஏதும் இல்லை.

சட்டம் சொல்வது

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களும், கடலூர் மாவட்டத்தில் ஐந்து வட்டாரங்களும், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து வட்டாரங்களும் அதில் இடம்பெற்றன. அம்மண்டலத்தில் புதிதாக எண்ணெய், வாயு, மீத்தேன், களிப்பாறை வாயு தேடவும் எடுக்கவும் கிணறு தோண்டுதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் மூன்று விவரங்களைக் கவனிக்க வேண்டும். சட்டம் வருமுன் நடந்துவந்த வேலைகளை அது தொடாது. இராமநாதபுரம் மாவட்டம் அதன் பட்டியலில் இல்லை. புதுச்சேரி அரசின் கீழுள்ள காரைக்காலுக்கு அது செல்லாது. நிலத்தடியில் பிளவுகள் மாவட்ட எல்லை பார்த்து ஓடவில்லை. சட்டம் எல்லை பார்த்துத்தான் எழுதப்படும்.

மற்றொன்று, 2020 ஜனவரியில் மத்திய அரசு செய்த மாற்றத்தின்படி, தேடுதலுக்காக மட்டும் தோண்டும் சோதனைக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. ஆகவே மண்டலத்துக்கு வெளியேயுள்ள ஊர்களில் கிராம சபை, தானே கேட்டுத் தெரிந்துகொண்டாலன்றி, விஷயம் அதன் காதுக்கு எட்டாமலே போகலாம்.

குழாய்க்கு நிலம் கொடுத்தவர்களுக்கு 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் பொருந்தும். இதன்படி நிலம் விவசாயியிடமே இருக்கும். குழாய் பதித்துப் பராமரிக்கும் உரிமை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுத்தில் தர வேண்டும். இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த சேதத்துக்குத் தனித்தொகை. குழாய் செல்லும் பட்டையில் பிறகு முன்போல் நெல் நடலாம். ஆனால் வீடு கட்டவோ, கிணறோ குளமோ வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. தென்னை வைக்க எண்ணியிருந்த பலர் பணத்தை வாங்கிய பிறகே இதை அறிகிறார்கள். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைத்தொகை மாநில அரசுக்குச் சேரும்.

நம் அனுபவத்தில் கண்ட ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது வட்டாரத்தில் ஒரு சிறு விவசாயியின் ஒன்றரை ஏக்கரின் குறுக்கே குழாய் பதித்தார்கள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைக்கவில்லை. மூடும்போது அடியிலிருந்த மஞ்சள் களி மேலே வந்துவிட்டது. நின்ற பயிருக்கு இழப்பீடு வந்தது. ஆனால் அந்தப் பட்டையில் அதற்கடுத்த இரண்டு சம்பாவும் சாவியாகப் போயின. அதற்குக் கணக்கில் இடமில்லை. அவர் நம்மிடம் வந்து முறையிட்டபோது, வேலை தொடங்குமுன் வயலின் நிலையைக் குறித்து வைத்த ஒரு காகிதமும் யாரிடமும் இல்லை. நம் அலுவலகத்திலும் இல்லை. எருவும் வண்டலும் அடித்து அவரே அதைத் தேற்றினார். அதுமுதல் எங்கேனும் குழாய் வருகிறதென்று கேள்விப்பட்டால், மண் மாதிரி எடுத்துப் பரிசோதித்து வையுங்கள், அருகிலுள்ள கிணறுகளின் நீரையும் சோதித்து முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வையுங்கள், மேல்மண்ணைத் தனியே குவித்துத் திரும்ப மேலேயே பரப்ப வேண்டுமென எழுத்தில் வாங்குங்கள் என்று சொல்லி வருகிறோம். முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாவிடில், பின்பு கெட்டது என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள். நாமும் அதிகாரி என்ற முறையில் இதை அறிவோம்.

மறுமுறை கிராம சபை கூடியபோது பெரியவருக்கு இவற்றைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் தோப்புக்கு வடக்கே முன்னொரு காலத்தில் கோபுரம் நிறுத்தித் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் இரும்பு மூடி போட்டுவிட்டுப் போன இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். மறுநாள் கிராம நிர்வாக அலுவலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் உடனழைத்துக்கொண்டு சென்று பார்த்தோம். கருவேல முட்களுக்கு நடுவே மூடி இருந்தது; ஊர்க் கணக்கு எதிலும் அது பதிவாகியிருக்கவில்லை. சர்வே எண்ணைக் குறித்து, அருகிலுள்ள மூன்று போர்வெல்களிலிருந்து புட்டியில் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.